செவிவழிக் கணக்கெடுப்பு

உலகத்தின் கடைசிக் கதவுதட்டித் தவளை செத்துப்போன செய்தியைச் சொல்லக் காப்பாளர் சாஹுல் ஹமீது பணிப்பாளரின் கந்தோருக்குள் போனபோது, பணிப்பாளர் நிக்கொலஸ் அந்தத் தவளையின் படத்தை எந்த நிறத் திரைச்சீலையில் அச்சடித்தால் எடுப்பாக இருக்கும் என்று துணித் துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்தின் வெள்ளிவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"சேர், அது போயிட்டுது" என்றார் சாஹுல் ஹமீது.

"எங்க போனது?"

"மவுத்தாயிட்டுது சேர். காலையில வந்து பாத்தா தண்ணியில மல்லாந்து கிடக்குது."

நிக்கொலஸ் துணித் துண்டுகளை மேசையில் வைத்தார். முன்னறிவித்தல் இல்லாமல் லீவு எடுத்த ஊழியனைப் பற்றிக் கேள்விப்பட்டவரைப் போல முகம் சுருங்கியது.

"விழா முடியுமட்டும் பொறுக்கேலாமப் போச்சோ அதுக்கு?"

தலவிலயிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில், தென்னையும் மணலும் காற்றாடிகளும் தவிர வேறொன்றும் இல்லாத ஓரிடத்தில் இருக்கிறது கரையோர ஊர்வன மற்றும் ஈரூடகவாழிகள் பாதுகாப்பு, மேம்பாட்டு, விழிப்புணர்வு நிலையம். பெயர்ப்பலகை ஒரு கம்பத்தில் நிற்காது என்று மூன்று கம்பம் நட்டிருந்தார்கள். பஸ் கொண்டக்டர்மாருக்கு அவ்வளவு மூச்சுக் கிடையாது. "பாம்புக் கந்தோர் இறங்குங்க" என்று கத்துவார்கள். சாஹுல் ஹமீது மதுரங்குளியிலிருந்து அந்த பஸ்ஸில் வந்து அந்தப் பெயரில் இறங்கியே தலை நரைத்தவர்.

அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே அந்தத் தவளைதான். வாலிபத்தில் ஒருநாள், உப்பளங்களுக்கு அப்பால் பற்றைக் காட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது யாரோ கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுற்றிலும் வீடு இல்லை. வீடே இல்லாத வெளியில் எந்தக் கதவை யார் தட்டுகிறார்கள் என்று மயிர்கூச்செறிய நின்றவர், கடைசியில் ஒரு மழைக்குட்டையின் ஓரத்தில், பெருவிரல் நகத்தளவு தவளையொன்று தொண்டையை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார். வெளிநாட்டவர்கள் வந்து அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார்கள். பிறகு இறால் பண்ணைக்காரர்கள் வந்து குட்டைகளைத் தோண்டினார்கள். பிறகு இறாலுக்கு நோய் வந்து அவர்களும் போனார்கள். எஞ்சிய தவளைகளைச் சாஹுல் ஹமீது ஈரத் துணியில் பொதிந்து நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அவை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஓர் ஆண் மட்டும் மிஞ்சியது.

மழை வரும்போதெல்லாம் அது கண்ணாடித் தொட்டிக்குள் இருந்து தட்டும். பதில் வராது. கேட்கச் சகிக்காமல் சாஹுல் ஹமீது சில வேளைகளில் விரலை மடக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். தவளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி தட்டும். பல வருடங்களாக அவர் செய்த பாதுகாப்புப் பணியில் மிகப் பயனுள்ளது அதுதான் என்று அவருக்கே தோன்றுவதுண்டு.

"செத்தது எண்டு ஆர் தீர்மானிச்சது?" என்று கேட்டார் நிக்கொலஸ்.

"நான் பாத்தன் சேர். பிரான்சிஸ்காவும் பாத்தவ."

"பாக்கிறது வேற, தீர்மானிக்கிறது வேற. உயிரிழப்பை ஏற்கிறதுக்கு ஒரு குழு இருக்கு. குழுவுக்குத் தலைவர் பென்சன் எடுத்துப் போயிட்டார். புதுத் தலைவரை நியமிக்கிற குழு இன்னும் நியமிக்கப்படேல்ல. அதுவரைக்கும், சாஹுல், இது உங்கட தனிப்பட்ட கருத்து."

சாஹுல் ஹமீது தன் தனிப்பட்ட கருத்தை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு தடுப்புக்காப்புக் கொட்டிலின் பின்பக்கம் போனார். பராமரிப்பாளர் பிரான்சிஸ்கா அகப்பையால் மணலில் குழி தோண்டியிருந்தாள். தலவிலக்காரி, வாய்க்காரி, பாம்புக்கும் முதலைக்கும் அஞ்சாதவள். குழியை மூடியதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீங்களும் ஏதும் சொல்லுங்க சேர்."

ஒரு சாதியே முடிந்துபோனதற்கு ஓதுவதற்கு அவர் எதுவும் பாடமாக்கியிருக்கவில்லை. மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்திவிட்டு எழும்பினார்.

பருவத்தின் முதல் மழை ஒரு பின்னேரம் பெய்தது. சாஹுல் ஹமீது பாம்புக் கூண்டுகளின் கூரையில் ஒழுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரான்சிஸ்கா நனைந்துகொண்டே ஓடிவந்தாள்.

"சேர், தட்டுது."

"என்ன தட்டுது?"

"வந்து கேளுங்க."

தவளை அறையில் தொட்டி வெறுமையாக இருந்தது. தண்ணீரைக் கூட இறைத்து ஊற்றியாகிவிட்டது. ஆனால் அந்தக் காய்ந்த கண்ணாடிக்குள் இருந்து, தெளிவாக, அவசரமில்லாமல், ஒரு விருந்தாளியின் பணிவோடு கதவு தட்டும் சத்தம் வந்தது.

"அன்னம்மா தாயே" என்றாள் பிரான்சிஸ்கா.

மண்ணை அரித்தார்கள். கல்லைப் புரட்டினார்கள். தொட்டியையே தூக்கி வெளியே வைத்தார்கள். தொட்டி இருந்த வெறும் இடத்திலிருந்து சத்தம் வந்தது. சாஹுல் ஹமீதுவின் விரல் தானாக மடங்கிப் பதில் தட்டப் போயிற்று. கையைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

அவர் ஓர் உண்மையான அரச ஊழியர். பயந்தால்கூட மேலதிகாரிக்கு அறிவித்துவிட்டுத்தான் பயப்படுவார். பணிப்பாளரிடம் போய்ச் சொன்னார். நிக்கொலஸ் வந்து, குடையை மடக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"ஹரி!" என்றார் சிங்களத்தில். "நான் சொன்னனா இல்லயா?"

"சேர், அது செத்துட்டுது. நாங்க அடக்கினது. இது... இது என்னவோ வேற சேர்."

"சாஹுல், போன கணக்கெடுப்புக்கு வழிகாட்டி எழுதினது ஆர்?"

"நான்தான் சேர்."

"என்ன எழுதினீங்க? 'இவ்வினத்தைக் கண்ணால் காண்பது அரிது. ஆகையால் ஒரு குரல் ஓர் உயிர் எனக் கொள்ளப்படும்.' எவ்வளவு அழகான தமிழ். அனே, மனப்பாடமே செய்திருக்கிறன்."

"அது காட்டுக்கு எழுதினது சேர். உயிரோட இருக்கிற..."

"உயிரோட எண்டு நீங்க எழுதேல்லயே. குரல் எண்டுதான் எழுதியிருக்கு."

வெள்ளிவிழாவுக்குக் கொழும்பிலிருந்து மேலதிகச் செயலாளர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றி, மதத்துக்கொருவராக ஆசி வழங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தவளை வேடமிட்டு ஆடி முடிந்ததும், எல்லோரையும் வெறுந்தொட்டியின் முன்னால் நிறுத்தி அமைதி காக்கச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தொட்டி தட்டியது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேலதிகச் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"காட்டில் இருக்கின்ற தவளையை எவரும் பாதுகாக்கலாம். அதிலே திறமை இல்லை. காடு இல்லாமல், குட்டை இல்லாமல், தவளையே கண்ணுக்குத் தெரியாமல் பாதுகாப்பதுதான் நிறுவனம். இந்த உயிரினம் இங்கே பத்திரமாக இருப்பதால், உப்பளங்களுக்கு அப்பால் இருக்கின்ற அந்தக் கடைசிப் பற்றைக் காணியை இனியும் வீணாகப் பூட்டிவைக்கத் தேவையில்லை. அதை ஓர் உல்லாச விடுதிக்கு வழங்கியிருக்கின்றோம் என்ற நற்செய்தியையும் இச்சந்தர்ப்பத்திலே அறிவிக்கின்றேன். விடுதிக்குத் தவளையின் பெயரையே வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்."

சாஹுல் ஹமீதுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தும்போது தொட்டி மறுபடி தட்டியது. அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது கைதட்டலுக்குக் கிடைத்த பதிலாகத் தோன்றவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு தவளைப் பேயோடு காலத்தைத் தள்ளியிருக்கலாம். ஆனால் கொட்டிலில் நட்சத்திர ஆமைகள் இருந்தன.

கற்பிட்டிக் கடலில் ஒரு படகில் உரப்பைகளுக்குள் கட்டிக் கடத்தப்பட்டபோது பிடிபட்டவை அவை. முதுகில் மஞ்சள் கதிர் விரிந்த அழகான பிராணிகள். வழக்கு முடிந்து, அவற்றைக் காட்டில் விடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. பணிப்பாளர் ஒரு சரி போட்டால் போதும். அந்தச் சரியைத்தான் அவர் போடவில்லை. விட்டால் நிலையத்தின் தொகை குறையும். தொகை குறைந்தால் தரம் குறையும். தரம் குறைந்தால் பணிப்பாளருக்குக் கொடுத்த வாகனம் திரும்பிப் போகும். ஆமைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. வெள்ளிவிழாவுக்குப் பிறகு, செத்த ஆமைகளின் வெறுங் கூண்டுகளிலும் சத்தம் வரத் தொடங்கியது. சிமெந்துச் சுவரில் ஓடு உராயும் சத்தம். வெளியேற வழி தேடும் ஆமை சுவரோரமாக நடக்கும்போது வருமே, அதே இழுவை.

நிக்கொலஸ் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அடுத்த கிழமை செவிவழிப் பிரிவு திறக்கப்பட்டது. அதற்கொரு உதவிப் பணிப்பாளர், அவருக்கொரு பியோன். வெறுங் கூண்டுகளின் முன் கதிரைகள் போடப்பட்டன. நேபாளத்திலிருந்தும் மாலைதீவிலிருந்தும் பயிலுனர்கள் வந்து கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்து கேட்டார்கள். மலைப்பாம்புக்கு மட்டும் பிரச்சினை வந்தது. உயிரோடு இருக்கையிலேயே அவ்வளவாகச் சத்தம் போடாத பிராணி, செத்தபின் எப்படிப் போடும்? அதற்கு மௌனத்தையே குரலாகக் கொள்ளலாம் என்று உதவிப் பணிப்பாளர் கருத்துத் தெரிவித்தார். அது முதல் நிலையத்தில் மலைப்பாம்புகள் பெருகின.

பிறகு ஒரு சுற்றுநிருபம் வந்தது. உயிருள்ள ஆமைகளுக்கான கீரையும் பூசணியும் பாதியாக வெட்டப்பட்டன. சாஹுல் ஹமீது பணிப்பாளரிடம் ஓடினார்.

"சேர், அதுகள் மெலிஞ்சு போகுது. இப்பிடிப் போனா எல்லாம் செத்துடும்."

"செத்தா?" நிக்கொலஸ் அன்போடு பார்த்தார். "சாஹுல், யோசிச்சுப் பாருங்க. செவிவழிப் பிரிவில ஒரு பிராணிக்காவது வருத்தம் வந்திருக்கா? ஒண்டாவது களவு போயிருக்கா? சாப்பாடு இல்ல, மருந்து இல்ல, நாத்தம் இல்ல. நாங்க இவ்வளவு காலமும் தேடினது இதைத்தானே. உயிரோட இருக்கிறது ஒரு இடைக்கால நிலை. அவங்களையும் நிரந்தரமாக்கத்தான் பாக்கிறம்."

சாஹுல் ஹமீது பத்து வருடம் தற்காலிக ஊழியராக இருந்து நிரந்தரமானவர். அந்தச் சொல்லின் இனிமை அவருக்குத் தெரியும். முதல் தடவையாக அது அவருக்குக் கசந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மனைவி சுல்பா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முன்கதவு தட்டப்பட்டது.

"பாருங்க" என்றாள் சுல்பா. "இந்தக் கிழமை முழுக்க இதே வேல. போய்த் தொறந்தா ஆருமில்ல. அடுப்பில மீன் கருகிப் போகுது."

சாஹுல் ஹமீதுவின் கையில் சோறு அப்படியே நின்றது. "உனக்கும் கேக்குதா?"

"எனக்குக் காது இல்லயா?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெயில். காற்றில் கொடியில் ஆடும் துணிகள். "என்ன வேணும் ஒனக்கு?" என்று வெறும் முற்றத்தைப் பார்த்துக் கேட்டார். திரும்பி வந்து, அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சுல்பாவிடம் சொன்னார். தவளை, ஆமை, கதிரை போட்டுக் கேட்கும் பயிலுனர்கள், பாதியாக வெட்டிய கீரை எல்லாம்.

சுல்பா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"மவுத்தானதுகளுக்கு நம்மட்ட என்ன வேல? அதுகளுக்கு இனி ஒண்டும் தேவப்படாது. கதவத் தட்டுறதெண்டா உள்ளுக்குக் கிடக்கிற வேற ஆருக்காகவோ தட்டுதாக்கும். உசிரோட பூட்டி வெச்சிரிக்கிறீங்களே, அதுகளப் பாருங்க. இல்லாட்டி எனக்கு இந்தக் கதவுக்கும் அடுப்புக்கும் ஓடேலாது."

சனிக்கிழமை அவர் பிரான்சிஸ்காவிடம் சொன்னார். அவள் ஏற்கனவே தன் வீட்டு வேலியிலிருந்து முருங்கைக் கீரையைச் சீலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்து ஆமைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதிமன்ற உத்தரவு இருக்குத்தானே சேர்?"

"இருக்கு. சேர்தான் இன்னும் சரி போடல்ல."

"பெரிய கோட்டு விடச் சொல்லியிருக்கு. இந்த மனுசன்ட சரி என்னத்துக்கு? எங்கட ஜூட்ட மீன் லொறி சும்மாதான் நிக்குது." ஜூட் அவள் புருஷன். "ஆனா நாள் முழுக்க அந்தக் கதிரையில சனம் குந்தியிருக்குதே. எப்பிடிக் கொண்டுபோறது?"

வழியைப் பணிப்பாளரே ஏற்படுத்திக் கொடுத்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு நிலையத்துக்கு விருது கொடுக்க முன்வந்திருந்தது. விருது விழாவின் உச்சமாக, வந்தவர்கள் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு, கொட்டிலின் பக்கம் காதைக் கொடுத்து மௌனமாகக் கேட்க வேண்டும் என்று நிகழ்ச்சி வகுக்கப்பட்டது. கண்ணைத் திறப்பது செவிவழி ஒழுக்கத்துக்கு மாறானது என்று உதவிப் பணிப்பாளர் அறிவிப்புச் செய்தார்.

அன்று பந்தல் நிறைந்திருந்தது. மேலதிகச் செயலாளர், வெள்ளைக்காரப் பிரதிநிதி, விடுதிக்காரர், பிரதேச சபைக்காரர், முன்வரிசையில் இருந்த அனைவரும் ஒலிவாங்கியில் மணி ஒலித்ததும் கண்களை மூடினார்கள். கொட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில் பந்தலை ஒட்டிய ஒரே ஒரு பாதைதான். சாஹுல் ஹமீதுவும் பிரான்சிஸ்காவும் ஆமைகளை மீன்பெட்டிகளில் அடுக்கி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையால் நடந்தார்கள்.

உயிருள்ள ஆமை சும்மா இருக்காது. பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சறுக்கி, ஓட்டோடு ஓடு உராய, நகத்தால் பிளாஸ்டிக்கைப் பிறாண்டி, பந்தல் முழுக்கக் கேட்குமளவு சத்தம் போட்டன. முன்வரிசைக்குக் கையெட்டும் தூரத்தில் போகையில் ஓர் ஆமை தலையை நீட்டி மேலதிகச் செயலாளரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"எவ்வளவு துல்லியம்" என்றார் மேலதிகச் செயலாளர், கண்ணை இறுக மூடியபடி. அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. "பக்கத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது."

"வாசமும் வருகிறதே" என்றார் விடுதிக்காரர்.

"அது எங்கள் அடுத்த கட்டம்" என்று கிசுகிசுத்தார் நிக்கொலஸ்.

மறுபடி போய் மறுபடி தூக்கி வந்தார்கள். கடைசிப் பெட்டி லொறியில் ஏறியபோது பந்தலில் கைதட்டல் எழுந்தது. ஜூட் லொறியை எடுத்தான்.

புத்தளம் நகரைக் கடந்து வடக்கே எழுவன்குளம் போய், அங்கிருந்த காட்டுக் காவலரிடம் நீதிமன்ற உத்தரவைக் காட்டினார்கள். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் எங்க வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பாலைமரங்களும் வீரைமரங்களும் நிற்கும் ஓரிடத்தில் பெட்டிகளைச் சரித்தார்கள்.

ஆமைகள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கல்லுக் கல்லாகக் கிடந்தன. நேரம் போனது. ஜூட் சிகரெட்டைப் பற்றவைத்தான். வழியிலேயே செத்துவிட்டனவோ என்று சாஹுல் ஹமீது குனிந்தபோது, ஒன்று காலை நீட்டியது. இரண்டு எட்டு நடந்து நின்றது. இடப்பக்கம் திரும்பி, இல்லாத ஒரு சுவரைத் தேடியது. வலப்பக்கம் திரும்பித் தேடியது. சுவர் எங்கும் இல்லை என்பது அதற்கு விளங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு புல்லைக் கடித்தது. சாஹுல் ஹமீது லொறியின் மறுபக்கம் போய் நின்று அழுதார்.

மறுநாள் காலை நேரே பணிப்பாளரிடம் போனார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. இனிப் பழகும் வயதுமில்லை.

"சேர், ஆமைகளக் கொண்டுபோய் விட்டுட்டன். உசிரோட இருந்தது முழுக்க. கோட்டு உத்தரவுப்படி. நடவடிக்கை எடுக்கிறதெண்டா என்மேல எடுங்க. பிரான்சிஸ்கா நான் சொன்னதச் செஞ்சவ."

நிக்கொலஸ் எழுந்து கொட்டிலுக்கு நடந்தார். உதவிப் பணிப்பாளர், பியோன், பயிலுனர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். வெறுங் கூண்டுகளின் முன் நின்று காதைச் சாய்த்தார்கள். சாஹுல் ஹமீதுவும் கேட்டார்.

அமைதி. ஓடு உராயவில்லை, சுவர் இழுபடவில்லை. தவளை அறையிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவருக்குக் கேட்டது தென்னோலையில் காற்று மட்டும். அவர் தோள்கள் தாமாகத் தளர்ந்தன.

"எல்லாம் இருக்குதே" என்றார் நிக்கொலஸ்.

"முன்னையவிடக் கூட, சேர்" என்றார் உதவிப் பணிப்பாளர்.

பயிலுனர்கள் தலையாட்டினார்கள். பியோன்கூட ஒரு கூண்டைச் சுட்டிக் காட்டி, "இது குட்டி போட்டிருக்குப் போல" என்றான்.

சாஹுல் ஹமீது ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் நடிக்கவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே கேட்டது. அது தெரிந்ததும், தவளைக்குப் பயந்ததைவிட அதிகமாக அவருக்குப் பயம் வந்தது. அன்று மத்தியானமே இராஜினாமாக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் கதவு தட்டப்படவில்லை. சுல்பாவின் மீன் கருகவில்லை. சில கிழமைகள் நிம்மதியாகக் கழிந்தன. பிறகு இராஜினாமா திரும்பி வந்தது. 'பதவி விலகுபவர் பணியில் இல்லாதிருத்தல் வேண்டும். தாங்கள் நாளாந்தம் பணியில் உள்ளமை செவிவழி உறுதிப்படுத்தப்பட்டுள்ளதால், தங்களது கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.'

நேரில் போய் முகத்தைக் காட்டினால் சரியாகிவிடும் என்று பஸ் ஏறினார். வாசலில் பிரான்சிஸ்கா நின்றாள். எஞ்சிய முதலையைப் பட்டினி போட விடமாட்டேன் என்று அவள் வேலையில் இருந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். பிறகு கிட்ட வந்து அவர் கையை அழுத்திக் கிள்ளினாள்.

"ஆ!"

"நீங்கதான்" என்றாள். "சேர், உள்ளுக்குப் போகாதீங்க. சும்மா வீட்ட போங்க."

அவர் உள்ளே போனார். காப்பாளர் அறைக்கு வெளியே விறாந்தையில் நிக்கொலஸ் ஒரு கதிரை போட்டு, சாத்திய கதவின் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"சேர், நான் வந்திரிக்கன்" என்றார் சாஹுல் ஹமீது.

நிக்கொலஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீங்க. காப்பாளர் வேலை செய்றார்." பிறகு கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சாஹுல், அந்த முதலைட சாப்பாட்டையும் நிப்பாட்டினா என்ன?"

உள்ளே கதிரை பின்னால் இழுபட்டது. ஒருவர் எழுந்து நிற்கும் சத்தம். பிறகு சாஹுல் ஹமீதுவின் சொந்தக் குரல், மிகப் பணிவாக, மிகத் தெளிவாகச் சொன்னது:

"ஓம் சேர். அப்பிடியே செய்யலாம் சேர்."

அவர் எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. வெயிலில், மூன்று கம்பம் நட்ட பெயர்ப்பலகையின் கீழே நின்றார். பஸ் வந்தது. ஏறினார். சனம் நெருக்கியது. கொண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.

"எங்க போறீங்க?"

சாஹுல் ஹமீது வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நெஞ்சுக்குள் இருந்ததெல்லாம் அந்த அறைக்குள்ளேயே தங்கிவிட்டதோ என்று ஒரு கணம் உயிர் போய் வந்தது. கொண்டக்டர் இன்னொரு தரம் கேட்டான். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"மதுரங்குளி!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. சாரதி கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.

"ஏன் காக்கா இப்பிடிக் கத்துறீங்க? காது கேக்கும்" என்றான் கொண்டக்டர்.

சாஹுல் ஹமீது அவனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னொருக்காச் சொல்லட்டா?" என்று கேட்டார்.